பரணில் இருந்து இறங்கிய ரயில் நிலையம்

எங்கள் ஆண்டிமடத்துக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் விருத்தாசலம் போக வேண்டும், இல்லாவிட்டால் அரியலூர். ஆனால் வருஷத்தில் பத்து நாள் மட்டும் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ரயில் ஓடும். ஸ்டேஷன் உண்டு, கைகாட்டி உண்டு, கேட் உண்டு, ஐந்து கண் வைத்த பாலம் உண்டு. நவராத்திரிக் கொலுப்படிக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க் வைப்பார்களே, அந்த இடத்தில் எங்கள் வீட்டில் ரயில்தான்.

செய்தவர் என் மாமனார். ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து, 1987-ல் ஓய்வு பெற்றவர். 1994-ல் என் மகளுக்கு ஐந்து வயது. "தாத்தா, நம்ம ஊருக்கு எப்போ ரயில் வரும்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். மனிதர் பதில் சொல்லவில்லை. மறுநாள் செருப்புப் பெட்டி, தீக்குச்சி, ஒட்டுப்பலகைத் துண்டு, வஜ்ரம் எல்லாம் சேர்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஆறடிக்கு மூன்றடிப் பலகையில் ஒரு மாதத்துக்குள் பதினோரு கட்டடம் எழும்பிவிட்டன. ஓட்டுக்கூரை போட்ட ஸ்டேஷன், சிக்னல் கேபின், சரக்கு கொட்டகை, கேட்காரர் குடிசை, நாலு கதவு வைத்த கேங்மேன் குடியிருப்பு... எல்லாம் அவர் வேலை பார்த்த மீட்டர் கேஜ் காலத்து அமைப்பு. இன்று அந்தத் தடமெல்லாம் அகலப் பாதையாகிவிட்டது. அந்தக் கைகாட்டியையும் ஓட்டுக்கூரையையும் பார்க்க வேண்டுமானால் எங்கள் பலகையில்தான் பார்க்க வேண்டும்.

அதிலே பாலத்துக்குத்தான் அவர் அதிக நாள் எடுத்துக்கொண்டார். காரணம் எனக்குத் தெரியும். 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்ததே, 140 பேருக்கு மேல் இறந்தார்களே, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினாரே... அப்போது மாமாவுக்கு 27 வயது. மறுநாள் அங்கே வேலைக்குக் கூட்டிப்போன ஆட்களில் அவரும் ஒருவர். என்ன பார்த்தார் என்று எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கொலு வைக்கிற அன்று மட்டும், மற்றதையெல்லாம் எங்களிடம் விட்டுவிட்டு, "பாலம் சரியா இருக்கா பாரு அம்மாடி" என்பார். நான் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் ரயிலை விடுவார். 2009-ல் அவர் காலமான பிறகும் நாங்கள் பாலத்தைப் பார்க்காமல் ரயில் விட்டதில்லை.

மழையும் என் அவசரமும்

2024 டிசம்பர்த் தொடக்கத்துப் புயல் மழையில் எங்கள் பரண் ஒழுகியிருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. 2025-ல் ஆடி மாதம் பெட்டிகளை இறக்கினால், சரக்கு கொட்டகை கூழாகக் கிடக்கிறது. ஸ்டேஷன் கூரை உப்பிவிட்டது. மூலைகள் எல்லாம் வாய் பிளந்து, சுவரில் பூஞ்சை. கேபினை வெள்ளிப்பூச்சி அரித்திருக்கிறது.

"தூக்கிப் போட்டுவிட்டு ஆன்லைனில் ஒரு செட் வாங்கிவிடலாம்மா" என்றாள் மகள். எனக்கு மனசு வரவில்லை. "நானே சரி பண்ணுகிறேன், பார்" என்று வீராப்பாக உட்கார்ந்தேன். முதல் வேலையாக உப்புத்தாள் எடுத்து, உரிந்துகொண்டிருந்த பாலத்துப் பெயின்ட்டைச் சரசரவென்று தேய்க்க ஆரம்பித்தேன். திண்ணை பூராவும் செந்தூள். பக்கத்தில் மூன்று வயசுப் பேரன். அவன் அந்தத் தூளில் விரலால் தண்டவாளம் போட்டு விளையாடிக்கொண்டிருந்ததையும், அதே விரலை வாயில் வைத்ததையும் நான் கவனிக்கவில்லை. மகள்தான் பார்த்தாள்.

அந்தப் பெயின்ட் என்ன தெரியுமா? நிஜப் பாலம் மாதிரியே இருக்க வேண்டும் என்று, இரும்புக்கு அடிக்கிற ரெட் லெட் பெயின்ட்டை மாமா கடையில் வாங்கி அடித்திருந்தார். அந்தச் சிவப்பே ஈயம்தான். அந்தக் காலத்து எனாமல் மஞ்சள், பச்சை, சிவப்பு எல்லாவற்றிலும் ஈயம் தாராளமாக இருக்கும்.

குழந்தை டாக்டரிடம் ஓடினோம். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். முடிவு வருகிற வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நல்லவேளை, பயப்படும்படி இல்லை. ஆனால் டாக்டர் சொன்னதை எல்லா சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஒரு அளவே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான். வாய்வழியே போகிற ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சியையும் படிப்பையும் கவனத்தையும் அது கெடுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கர்ப்பிணிகளும் இந்த வேலையின் பக்கமே வரக் கூடாது. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் வந்து, 2017 நவம்பர் முதல் அமலானது. அதற்கு முந்தைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடுங்கள். கொலு வீடு மட்டுமில்லை. பழைய தொட்டில், நடைவண்டி, மரப்பாச்சி, ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஆகவே முதல் பாடம்: பழைய பெயின்ட்டை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், நெருப்புக் காட்டாதீர்கள். உதிர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் தூளையும் ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அடுப்படிக்குப் போக வேண்டும்.

நிதானமாகச் செய்த வேலை

அதன் பிறகு பேரன் பள்ளிக்குப் போகும் நேரத்தில் மட்டும், பின்கட்டில், மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பசை காயாது. ஆவணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

தூசு: முதலில் நிழலில் காயவிட்டேன். வெயிலில் வைத்தால் அட்டை வளைந்துவிடும். பூஞ்சை நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய ஷேவிங் பிரஷ்ஷால் வெளியில் வைத்துத் தட்டினேன். ஈரத்துணி போட்டுத் துடைத்துவிடாதீர்கள். போஸ்டர் கலரும் டிஸ்டம்பரும் கரைந்து வந்துவிடும். புனேயில் 1998-ல் திறந்த ஜோஷி குட்டி ரயில் காட்சியகம் இருக்கிறது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்ட் இருக்கிறது. இரண்டிலும் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவில் ரயிலும் ஊரும் செய்து வைத்திருக்கிறார்கள். அத்தனை பெரிய இடத்திலும் தூசு தட்டுவது ஓயாத வேலைதான். நம் வீட்டில் வருஷம் ஒருமுறை தட்டச் சலித்துக்கொள்ளலாமா?

பூச்சி: அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் மரத்துக்குள் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். சின்னச் சாமான்களை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே வைத்து, குளிர் விட்ட பிறகு பிரித்தால் ஈரம் கோக்காது.

வாய் பிளந்த மூலை: பழைய வஜ்ரம் காய்ந்து பொருக்காக நிற்கும். அதன் மேலேயே புதுப் பசை தடவினால் ஒட்டாது. பொருக்கை எடுத்துவிட்டு, ஃபெவிகால் மெல்லிசாகத் தடவி, உள்மூலையில் ஒரு காலித் தீப்பெட்டியை வைத்து ரப்பர் பேண்டு போட்டு, ஒரு ராத்திரி விட்டேன். தீப்பெட்டி வைப்பது மூலை கோணாமல் நிற்பதற்கு. துணி உலர்த்துகிற கிளிப்பும் இதற்கு நல்ல கை.

வளைந்த சுவர்: பெயின்ட் இல்லாத உள்பக்கத்தில் லேசாக ஈரம் ஒற்றி, உறிஞ்சுதாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக் குழவியை வைத்தேன். இரண்டு நாளில் நிமிர்ந்துவிட்டது.

ஓட்டுக்கூரை: இதுதான் எனக்குப் பிடித்த வேலை. அட்டைப்பெட்டியின் மேல்தாளை ஈரமாக்கி உரித்தால் உள்ளே வரிவரியாக நெளிவு வரும். அதைக் காயவைத்து, வரிசை வரிசையாக நறுக்கி, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் அசல் சீமை ஓடு. செங்காவியைக் கரைத்து அடித்தேன். புதுக் கூரை பளிச்சென்று துருத்திக்கொண்டு நின்றது. கடுந்தேத்தண்ணீரை ஒரு கை பூசினேன். பழைய சுவரோடு கலந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மறுபடி பெயின்ட் அடித்துப் புதுசாக்கிவிட எனக்குக் கை துறுதுறுத்தது நிஜம். ஆனால் அப்படிச் செய்திருந்தால் அது கடைப் பொம்மை ஆகியிருக்கும். கெட்டதை மட்டும் மாற்றுங்கள், கெடாததைத் தொடாதீர்கள்.

ஸ்டேஷனின் உப்பிய கூரையைக் கழற்றியபோது உள்ளே பென்சிலில் மாமாவின் எழுத்து இருந்தது: நீளம், அகலம், '14-9-94'. முப்பத்தோரு வருஷமாக அது அங்கே இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. புதுக் கூரையின் உள்பக்கத்தில் நானும் அளவும் தேதியும் எழுதித்தான் மூடினேன்.

விளக்கும் பேட்டரியும்: முன்பெல்லாம் கட்டடத்துக்குள் டார்ச் பல்பு, சீரியல் செட் பல்பு வைப்போம். காய்ந்த அட்டைக்குள் சூடான பல்பு வைப்பது ஆபத்து. குறைந்த மின்னழுத்தத்தில் எரிகிற எல்இடி விளக்கு மாற்றிவிட்டேன். ரயில் எஞ்சினில் விட்டுவைத்த பேட்டரி கசிந்து பச்சைப் பிடித்திருந்தது. கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவைத்தால் ஓடுகிறது. ஒன்றே ஒன்று: சட்டைப் பித்தான் மாதிரி வட்டப் பேட்டரி போட்ட விளக்குகளைச் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எடுத்து வைப்பது: நாப்தலின் உருண்டை வேண்டாம். குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு அதனால் ரத்த அணுக்களே உடையும். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து வைத்தால் போதும். பழைய வேட்டியில் சுற்றி, மூடி உள்ள பெட்டியில், பரணில் இல்லாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் முந்திரி ஜாஸ்தி. கரையான் ஏறாமல் இருக்கப் பலகையின் அடியில் முந்திரி ஓட்டெண்ணெய் பூசுவார்கள். மாமாவும் பூசியிருந்தார், பலகை இன்றும் கல் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். முந்திரி உடைக்கிற பெண்களின் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

வரதராசன்பேட்டையில் இருந்து வருகிற என் தோழி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எங்க கிறிஸ்துமஸ் குடிலுக்கும் இதே கதைதான், அந்தச் சின்ன வீடெல்லாம் மாமியார் காலத்தது" என்றாள். அவளுக்கும் இதே முறைதான் சொல்லிக்கொடுத்தேன்.

பாலம்

பதினோரு கட்டடத்தில் எட்டு பிழைத்தன. மூன்று போயே போய்விட்டன. பாலத்தை என்ன செய்வது என்பதுதான் பெரிய யோசனையாக இருந்தது. எங்கள் வீட்டுக்காரர், "விஷம் என்று தெரிந்த பிறகு அதை ஏன் வைத்துக்கொள்கிறாய்?" என்றார். மகளும் தலையாட்டினாள். எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசியில், ஈரத்துணியால் துடைத்து, மேலே நிறமில்லாத வார்னிஷ் இரண்டு கை பூசி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடி, பேரனுக்கு எட்டாத மேல்படியில் ஏற்றிவிட்டோம். பண்ருட்டி பொம்மைகளுக்கு நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது.

ரயில் போக வேறு பாலம் வேண்டுமே. புதுச் செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்துப் பேரனும் நானும் சேர்ந்து செய்தோம். ஐந்து கண் வெட்டச் சொன்னேன். அவனுக்கு எண்ணிக்கை தவறி ஆறு வந்துவிட்டது. தண்ணீரில் கரைகிற பள்ளிக்கூடக் கலரில், நீலப் பாலம். பார்க்கக் கொஞ்சம் கோணல்தான்.

கொலு அன்று சாயங்காலம் ரயிலுக்குச் சாவி கொடுத்துக் கையில் வைத்திருந்தேன். பேரன் தரையில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு கண்ணாக எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"பாலம் சரியா இருக்கு ஆயா. விடு."