மேகாங் வழியே – 7: நீர் வடியும் மாதங்கள்

லாவோஸில் உள்ள லுவாங் பிரபாங்கின் பழைய நகரத்தை ஒரே காலைப்பொழுதில் நடந்து முடித்துவிடலாம். மேகாங் ஆறும் நாம் கான் ஆறும் கூடுகிற முனையில் ஒடுங்கி நீண்ட நிலத்துண்டு அது. முதுகுப்பையோடு வருகிறவர்களில் பலர் பூசி குன்றேறிச் சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள், மறுநாள் குவாங் சீ அருவியில் குளிக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். இரண்டும் அழகுதான். ஆனால் இந்த ஊர் பிடிபட வேண்டுமானால் ஆற்றங்கரையில் வேலையில்லாமல் உட்கார வேண்டும். எனக்கு அதற்கு நேரம் இருந்தது.

நான் போனது மழை ஓய்ந்து ஆறு இறங்கியிருந்த பருவம். மழைக்காலத்தில் நாம் கான் பெருக்கெடுத்தால் அதன் குறுக்கே மூங்கில் பாலம் நிற்காது. நீர் வடிந்ததும் மூங்கில் வெட்டிவந்து நடைபாலம் கட்டுகிறார்கள்; அடுத்த வெள்ளத்துக்கு முன் பிரித்துவிடுகிறார்கள். ஆண்டுதோறும் இதே வேலை. சிறு கட்டணம் கொடுத்து ஏறினால், காலுக்கடியில் மூங்கில் அமுங்கி நிமிர்கிறது.

கரைகளும் அப்படித்தான். நீர் இறங்க இறங்க வண்டல் படிந்த சரிவு வெளியே வரும். அதில் பாத்தி கட்டிக் கீரையும் காய்கறியும் போடுகிறார்கள். தனியாக உரம் தேடவேண்டியதில்லை. போன வெள்ளம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. தெளிந்த நீரில் பாறைகள்மேல் பச்சைப் பாசி வளர்கிறது. அதை அள்ளி, மணல் போக அலசி, மெல்லிய தகடாகப் பரப்பி, எள்ளும் பூண்டும் தக்காளியும் பதித்து வெயிலில் காயவைக்கிறார்கள். பொரித்தால் அப்பளம்போல நொறுங்கும். தொட்டுக்கொள்ள, எருமைத் தோல் சேர்த்த மிளகாய்த் துவையல். கூடவே மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு. பல மாலைகளில் எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

1353-ல் ஃபா நுகும் நிறுவிய லான் சாங் அரசின் தலைநகர் இது. அரசர்களும் ஆற்றுவழியேதான் வந்திறங்கினார்கள். 1560 வாக்கில் சேத்தாதிராத் மன்னர் கட்டிய வாட் சியெங் தோங் கோயிலின் படிக்கட்டு நேராக மேகாங்கில் இறங்குகிறது. அங்கே பிற்கால மன்னர் ஒருவரின் இறுதி ஊர்வலத் தேர் நிற்கும் கூடத்தின் முகப்பில் பொன்பூசிய மரச்செதுக்கல்கள். எல்லாம் ராமாயணக் காட்சிகள். லாவோ மக்கள் அதை ‘பிரா லாக் பிரா லாம்’ என்கிறார்கள். தம்பி லட்சுமணன் பெயர் முன்னால் வருகிறது. அந்த முகப்பின் முன் வெகுநேரம் நின்றேன்.

விடியலில் துறவிகள் பிச்சைக்கு வரும் வரிசையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது அவர்களது அன்றாட வழிபாடு. எதிர்ப்புறத் தெருவோரம் நின்று, வாய் திறக்காமல், ஃபிளாஷ் போடாமல் பாருங்கள். முகத்துக்கு முன் கேமராவை நீட்டுகிறவர்களைக் கண்டு எனக்குக் கோபம்தான் வந்தது.

1995-ல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோயில்களுக்கும் பிரெஞ்சுக் கால வீடுகளுக்கும் காவல் கிடைத்தது. ஆறு இறங்கி ஏறுவதற்கு அப்படி ஒரு காவல் இல்லை. கீழே சயாபுரி அணை 2019 முதல் மின்சாரம் தருகிறது. மேலே, சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், 1,460 மெகாவாட் திறனுள்ள இன்னோர் அணை எழும்புகிறது. இடையில் நகரம். கடலே இல்லாத நாடு, அண்டை நாடுகளுக்கு மின்சாரம் விற்றுத்தான் வருமானம் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் அணை வண்டலைத் தடுத்துவிடும். வண்டல் வராத ஆறு கரையை அரிக்கும். பருவத்தின் கணக்கில் இறங்கி ஏறிய நீர், மின் உற்பத்தியின் கணக்கில் இறங்கி ஏறும். கீரைப் பாத்தியும் பாசியும் பழைய கணக்கை நம்பி இருப்பவை. கோயிலைக் காப்பாற்றுகிற அக்கறை அந்தப் பாத்திகளுக்கும் வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

இங்கிருந்து தெற்கே படகில் போகத்தான் ஆசைப்பட்டேன். ஊர்க்காரர்கள் இப்போது ரயிலில்தான் போகிறார்கள். 2021 டிசம்பரில் திறந்த சீன–லாவோஸ் ரயில் பாதையில் வியெந்தியானுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நானும் சீட்டு வாங்கினேன். அந்தப் பயணம் அடுத்த வாரம்.

(தொடரும்)