விரிவுக் கலத்திற்குக் காற்றேற்றுதல்

பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளில் கொதிகலனில் சூடான நீரைக் குழாய்களின் வழியே அறைதோறும் சுற்றிவரச் செய்து இல்லங்களைக் கதகதப்பாக்குகின்றனர். இவற்றுள் பல, காற்றுப்படாது மூடப்பட்ட அமைப்புகளாகும். நீரோ சூடேறின் விரியும். 10 டிகிரி சென்டிகிரேடில் 100 லிட்டராக இருந்தது 80 டிகிரியில் ஏறத்தாழ 103 லிட்டராகிறது. அந்த மூன்று லிட்டருக்கு இடமளிப்பதே விரிவுக் கலம். (பெயரையும் அவ்வேலையைக் கொண்டே அமைத்துக்கொண்டோம்.) எஃகாலான இக்கலத்தை ஓர் இரப்பர்ச் சவ்வு இரண்டாகப் பிரிக்கிறது: ஒருபுறம் நீர், மறுபுறம் காற்று.

ஆண்டுகள் செல்லச் செல்ல அக்காற்று சிறிது சிறிதாகக் குறைந்துபோகிறது. இதன் விளைவை ஆசிரியர்கள் பாயில் விதியைக் கொண்டே கணக்கிட்டுக் காட்டலாம். குளிர்நிலையில் 8 லிட்டர் காற்று உள்ளது. அழுத்தமானி 1 பார் காட்டுகிறது. வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் 2 பார். நீர் 3 லிட்டர் விரிந்தால் காற்று 5 லிட்டராகச் சுருங்கும், மானி 2.2 பார் காட்டும். இதில் இடரில்லை. ஆனால் 4 லிட்டர் காற்றே எஞ்சியிருப்பின், அது 1 லிட்டராக நெருக்குண்டு மானி 7 பாரை எட்ட வேண்டும். அதற்கு முன், வழக்கமாக 3 பாரில், காப்பு வால்வு திறந்து நீரை வெளியேற்றிவிடும். ஆறியபின் மானி 1 பாருக்கும் கீழே இறங்கும். வீட்டுக்காரர் புதுநீர் சேர்ப்பார். அடுத்த சூட்டில் அதுவும் வெளியேறும். புதுநீரோடு புகும் பிராணவாயு இரும்புப் பகுதிகளை அரித்துக்கொண்டே இருக்கும். குறை நீரில் அன்று, காற்றில்.

கலத்தில் மோட்டார் டயருக்குள்ளது போன்ற வால்வே உண்டு; கால்பம்பு ஒன்று போதும். பலரும் பிழை செய்வது அளப்பதில்தான். நீரழுத்தம் இருக்கும்போதே டயர்மானியைப் பொருத்தினால், சவ்வின் இருபுறமும் அழுத்தம் சமமாதலின், அது நீரின் அழுத்தத்தையே காட்டும். பாதிக் காற்று போயிருந்தும் 1 பார் என்றே சொல்லும். ஆகவே கொதிகலனை நிறுத்தி, நீரை ஆறவிட்டு, வடிகுழாயைத் திறந்து நீரழுத்தத்தை முற்றிலும் நீக்கிய பின்னரே அளத்தல் வேண்டும். வடிகுழாய் திறந்திருக்கக் காற்றேற்றினால் கலத்தில் தேங்கிய நீரும் வெளியே தள்ளப்படும். இரண்டடுக்கு வீட்டுக்குப் பெரும்பாலும் 0.75 முதல் 1 பார் வரை ஏற்றுவர். எனினும் உற்பத்தியாளர் குறித்த அளவையே கொள்க. பின்னர் வடிகுழாயை மூடி, காற்றின் அழுத்தத்திற்குச் சற்று மேலாக நீர் நிரப்புவர்.

எரிவாயுக் கொதிகலனின் உறைக்குள்ளேயே கலம் இருப்பின், அதைப் பதிவுபெற்ற எரிவாயுப் பணியாளரிடம் விட்டுவிடுதல் தகும். காற்று வால்வின் ஊசியை அழுத்துகையில் நீர் வெளிப்படின் சவ்வு கிழிந்துள்ளது. அந்நிலையில் காற்றேற்றிப் பயனில்லை, கலத்தையே மாற்ற வேண்டும்.