சறுக்கும் சுரங்கள்

வயலின் கலைஞர் வில்லை இழுத்தபடியே இடக்கை விரலைத் தந்தியின் மேல் நகர்த்துகிறார். ஒலி ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. இடையில் எங்கும் அறுபடுவதில்லை. இதைக் கர்நாடக இசையில் 'ஜாரு' என்பார்கள். கமக வகைகளுள் இதுவும் ஒன்று.

இதையே ஆர்மோனியத்தில் செய்ய முடியுமா? முடியாது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் உரிய உலோக நாக்கு ஒரே சுருதியில்தான் அதிரும். ஒரு கட்டையிலிருந்து மறு கட்டைக்குத் தாவலாம், வழுக்க இயலாது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தபோது, கமகம் வராத இந்தக் குறையும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது.

சிந்தசைஸர் என்னும் மின்னணு இசைக்கருவியிலும் இருப்பவை அதே கட்டைகள்தாம். ஆனால் அதில் சுரம் சறுக்குகிறது! எப்படி என்று பார்ப்போமா?

வோல்ட்டில் அடங்கிய இசை

1964இல் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மோக் ஒரு புதுமையைச் செய்து காட்டினார். அவரது கருவியில் கட்டையை அழுத்தினால் நேராக ஒலி எழாது. ஒரு மின்னழுத்தம் பிறக்கும். அந்த மின்னழுத்தமே அலையியற்றி எத்தனை அதிர்வெண்ணில் அதிர வேண்டும் என்று ஆணையிடும். மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். அதாவது அதிர்வெண் இரு மடங்காகும்.

இப்போது சறுக்கலுக்கு வழி பிறந்துவிட்டது. மின்னழுத்தத்தைத் திடீரென்று தாவவிடாமல் மெல்ல ஏறச் செய்தால் போதும். அதற்கு வேண்டியவை ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும்தான்.

இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை மெல்லிய குழாயால் இணைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று நிறைந்தது, மற்றது காலி. முதலில் நீர் வேகமாகப் பாயும். மட்ட வேறுபாடு குறையக் குறைய வேகமும் குறையும். மின்தேக்கி நிறைவதும் இப்படித்தான். மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் சறுக்கலின் கால அளவு கிடைக்கும். 1 லட்சம் ஓம், 1 மைக்ரோஃபாரட் என்றால் 0.1 வினாடி. அந்த நேரத்தில் பயணத்தில் 63 சதவீதம் முடிந்துவிடும். மின்தடையைக் குமிழால் கூட்டினால் சறுக்கல் நீளும். 1970இல் வந்த மினிமோக் கருவியில் இத்தகைய குமிழ் இருந்தது.

கணிப்பொறியில் சறுக்கல்

இன்றைய கருவிகளில் இவ்வேலையை ஒரு கணக்கே செய்துவிடுகிறது. நீங்களே நிரல் எழுதலாம். விதி இதுதான்: 'சேர வேண்டிய இடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று பார், அதில் கால் பங்கு நகர், மீண்டும் அதையே செய்.'

ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள். பூஜ்யத்திலிருந்து 12க்குப் போக வேண்டுமானால் 3, 5.25, 6.94, 8.20 என்று எண்கள் ஏறும். தொட்டி நீரைப் போலவே முதலில் வேகம், பிறகு நிதானம்! ஆனால் இக்கணக்கு 12ஐ ஒருபோதும் தொடாது. ஆகவே, 'எஞ்சிய தூரம் 0.01க்குக் கீழே வந்தால் 12 என்றே வைத்துக்கொள்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கால் பங்குக்குப் பதில் இருபதில் ஒரு பங்கு நகர்த்தி, வினாடிக்குப் பல நூறு முறை கணக்கிட்டால் படிகள் காதுக்குத் தெரியமாட்டா.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதிர்வெண்ணையே நேராகக் கூட்டிக்கொண்டு போகக் கூடாதா? 'ச' 440 ஹெர்ட்ஸ், மேல் 'ச' 880 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். இரண்டுக்கும் நடு எண் 660. ஆனால் 660 என்பது பஞ்சமம். அதாவது 7ஆவது அரைச்சுரம். காதுக்கு நடுவழி 6ஆவது அரைச்சுரமாகிய பிரதி மத்தியமம். அது ஏறத்தாழ 622 ஹெர்ட்ஸ். காது கூட்டலை அல்ல, பெருக்கலையே கேட்கிறது. ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் அதிர்வெண் சுமார் 1.0595 மடங்காகிறது. எனவே அரைச்சுரங்களில் சறுக்கிவிட்டு, கடைசியில் அதிர்வெண்ணாக மாற்றுவதே சரி.

இடக்கைச் சக்கரம்

தானே சறுக்கும் சுரம் எப்போதும் ஒரே மாதிரிதான் சறுக்கும். கலைஞனின் மனம் அப்படியல்லவே! அதனால்தான் பல கீபோர்டுகளின் இடப்பக்கத்தில் ஒரு சுருதிச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். மேலே தள்ளினால் சுருதி ஏறும். கீழே இழுத்தால் இறங்கும்.

1983இல் வந்த 'மிடி' என்னும் பொதுமொழி, இச்சக்கரத்தின் நிலையைக் குறிக்க 16,384 படிகளை ஒதுக்கியது. நடுநிலை 8,192. ஏன் இத்தனை? வெறும் 128 படிகள் என்றால் ஒரு பக்கத்துக்கு 64தான். அதில் ஒரு முழு ஸ்தாயியை அடக்கினால் ஒவ்வொரு படியும் அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். சறுக்கல் மறைந்து, படிக்கட்டில் உருளும் பந்தைப் போல் ஒலிக்கும்.

கீபோர்டு கிடைத்தால் செய்து பாருங்கள். 'ச'வை அழுத்தி, சக்கரத்தை மெல்ல மேலே தள்ளி 'ரி'யில் நிறுத்துங்கள். பிறகு 'ரி' கட்டையைத் தொட்டு, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். முதல் நாள் தவறும். பத்தாம் நாள் கூடிவரும். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை மின்தேக்கியும் அறியாது, நிரலும் அறியாது. அதைச் சொல்ல வேண்டியது உங்கள் காது!