சிறாருக்கும் வருமோ பக்கவாதம்?

பக்கவாதம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது நரைத்த தலையும் தளர்ந்த உடலும் கொண்ட முதியவர் ஒருவரின் உருவமே ஆகும். பாரிசவாயு என்று நம் பாட்டனார் காலத்தில் வழங்கிய அந்நோயை முதுமையோடும், குருதிக் கொதிப்போடும், சர்க்கரை நோயோடும் சேர்த்து எண்ணியே நாம் பழகிவிட்டோம். தொட்டிலில் கிடக்கும் சேய்க்கும், தவழ்ந்து வரும் குழந்தைக்கும், பள்ளி செல்லும் சிறுமிக்கும் அதே நோய் வரக்கூடும் என்றால் நம்புவோர் சிலரே. நோயைக் காலத்தில் கண்டறியவிடாமல் தடுப்பதும் பெரும்பாலும் இந்த நம்பாமையே. அதனை ஓரளவேனும் போக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்துள்ள வாடகைக் குடியிருப்புகளுள் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தந்தை இரவு ஷிப்டு முடித்து உறங்குகிறார். தாய் சமையலில் இருக்கிறாள். பத்து மாதக் குழந்தை கட்டிலிலிருந்து தவறி விழுந்து, சிறிது நேரம் அழுது, பின்னர் அமைதியாகிவிடுகிறது. வீக்கமோ காயமோ இல்லை. மாலையில் கிலுகிலுப்பையை நீட்டினால் இடக்கை மட்டுமே அதனைப் பற்ற வருகிறது. வலக்கை துவண்டு கிடக்கிறது. வீட்டிலுள்ள பாட்டி, “உரம் விழுந்திருக்கிறது” என்கிறார். குழந்தையைச் சேலையில் இட்டு உருட்டி உரம் எடுக்க ஒருவரை அழைக்கிறார்கள். மறுநாள் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். மூன்றாம் நாள்தான் மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. இது கற்பனைக் காட்சியே. எனினும் இதன் ஒவ்வொரு கூறும் நம் ஊர்களில் நாம் அறிந்ததே. அப்பாட்டியின் அன்பில் குறையில்லை. குழந்தைக்கும் பக்கவாதம் வரும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை என்பதே குறை.

நோயின் இயல்பு

மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலோ, குருதிக்குழாய் வெடித்து உள்ளே குருதி கசிவதாலோ அப்பகுதியின் செல்கள் திடீரெனச் செயலிழப்பதே பக்கவாதம். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆள்வதால், பாதிப்பு ஏற்பட்ட பாதிக்கு எதிர்ப்புறக் கையும் காலும் தளர்கின்றன. பெரியவர்களுக்கு வருவதில் மிகப் பெரும்பான்மை அடைப்பினால் வருவது. சிறாரிடமோ அடைப்பும் கசிவும் ஏறத்தாழச் சமபங்காகக் காணப்படுகின்றன. இவ்வேறுபாடு நினைவில் கொள்ளத்தக்கது.

இந்நோய் இக்காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. வில்லியம் ஆஸ்லர் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் 1889-ஆம் ஆண்டிலேயே குழந்தைகளின் மூளைவாதம் பற்றித் தனிநூல் எழுதினார். பின்னாளில் உளப்பகுப்பாய்வின் தந்தை எனப் போற்றப்பட்ட சிக்மண்ட் பிராய்டு, 1891-இல் ஆஸ்கர் ரீ என்பாருடன் இணைந்து வெளியிட்ட ஆய்வும் குழந்தைகளின் ஒருபக்க வாதத்தைப் பற்றியதே. பிறந்த குழவிகளுள் சில ஆயிரத்திற்கு ஒன்று என்னும் அளவிலும், அதற்கு மேற்பட்ட சிறாருள் ஆண்டுதோறும் இலட்சத்திற்கு ஒருவர் முதல் பதின்மூவர் வரையிலும் இந்நோய்க்கு ஆளாவதாக உலக ஆய்வுகள் கூறுகின்றன. அரிய நோய்தான், ஆயினும் ஒரு மாவட்டத்தின் மக்கள் தொகையை நோக்கும்போது புறக்கணிக்கத்தக்கதன்று.

காரணங்கள்

முதியவர்க்கு வரும் பக்கவாதத்தில் குழாய்களில் படியும் கொழுப்பும் நெடுங்காலக் குருதிக் கொதிப்பும் முதன்மைக் காரணங்கள். குழந்தைகளுக்கோ காரணங்கள் வேறு. அவை பலவாகவும் உள்ளன.

முதலாவது, இதயக் கோளாறுகள். பிறவியிலேயே இதயச் சுவரில் துளையோ குழாய் அமைப்பில் மாற்றமோ உள்ள குழந்தைகளுக்கு, சிறப்பாக உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கு, குருதிக்கட்டி மூளைக்குச் செல்லும் இடர் மிகுதி. தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் கீல்வாதக் காய்ச்சல் இதய வால்வுகளைக் கெடுப்பதும் நம் நாட்டில் இன்னும் மறையாத காரணமே.

இரண்டாவது, மூளைத் தமனிகளின் நோய்கள். சின்னம்மை போன்ற தொற்றுகளுக்குப் பின் சில வாரங்களிலோ மாதங்களிலோ தமனி சுருங்குவதுண்டு. பன்னாட்டு ஆய்வொன்று 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, அண்மையில் தொற்றுக்கு ஆளான சிறாருக்கு அடைப்புவகைப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்ந்திருந்தது. உரிய தடுப்பூசிகளைப் பெற்றவர்களுக்கோ அவ்வாய்ப்பு குறைந்திருந்தது. காசநோய் மூளையுறையைத் தாக்கும்போது அதனூடே செல்லும் தமனிகள் அடைபடுவதை இந்திய மருத்துவர்கள் நன்கறிவர். ஜப்பானியர் ‘மோயாமோயா’ எனப் பெயரிட்ட நோயில் மூளையின் பெருந்தமனிகள் மெல்ல மெல்லக் குறுகுகின்றன. கழுத்தில் அடிபட்டுத் தமனியின் உட்சுவர் கிழிவதும் உண்டு. பெங்களூரு நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியின் முன்பக்கம் குழந்தையை நிறுத்திச் செல்வோர் இதனைக் கருதவேண்டும்.

மூன்றாவது, குருதியின் கோளாறுகள். இரும்புச்சத்துக் குறைவு சோர்வை மட்டும் தருவதன்று. கனடாவில் 2007-இல் வெளியான ஆய்வு, வேறு நோயற்றிருந்து பக்கவாதத்திற்கு ஆளான சிறுகுழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரும்புக்குறைச் சோகை இருந்ததைக் கண்டது. நலமான குழந்தைகளிடம் அது பத்தில் ஒரு பங்கினும் குறைவே. 2019–21 காலத் தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 57 விழுக்காட்டினர் சோகையுடையோர். அவர்கள் அனைவருக்கும் பக்கவாதம் வரும் என்பதன்று. எளிதில் நீக்கத்தக்க ஓர் இடரை நீக்காமல் வைத்திருக்கிறோம் என்பதே கருத்து.

அரிவாள் வடிவச் சிவப்பணு நோய் மற்றொன்று. தென்னிந்தியாவில் இந்நோய்க்கூறு நீலகிரிப் பழங்குடியினரிடம் காணப்பட்டதை லேமனும் கட்புஷும் 1952-இல் அறிவித்தனர். ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களில் இது மிகுதி. அம்மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து ஓசூரில் உழைப்போர் பலர் ஆதலின், இங்குள்ள மருத்துவர்களும் இதனை மறத்தலாகாது. ஒரு சொட்டுக் குருதியால் அறியத்தக்க நோய் இது. தலைக்குழாய்களின் ஓட்டத்தை ஒலியலையால் அளந்து, இடருள்ள குழந்தைகளுக்குத் தொடர்ந்து குருதியேற்றினால் பக்கவாதத்தைப் பெருமளவு தடுக்கலாம் என்பது 1998-இலேயே நிறுவப்பட்டது.

நான்காவது, மரபுவழிக் கோளாறுகள். ஹோமோசிஸ்டின் என்னும் பொருள் குருதியில் மிகும் நோய் அவற்றுள் ஒன்று. அது குருதி உறைவைத் தூண்டும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அக்குறை வந்து சேரும்போதுதான் நோய் வெளிப்படும். மேற்சொன்ன குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுத் திருமணங்களுள் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை உறவுக்குள் நிகழ்ந்தவை எனத் தெரிகிறது. எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம் இது. குடும்பத்தில் இளவயதிலேயே பக்கவாதம் கண்டவர் இருப்பின், உறவில் மணம் பேசுமுன் மருத்துவரை நாடுதல் நன்று.

ஐந்தாவது, சிரைகளில் உறைவு. கடும் வயிற்றுப்போக்கினால் உடல்நீர் வற்றும்போதும், காதில் சீழ் முற்றும்போதும் மூளையின் சிரைகளில் குருதி உறையலாம். காலத்தே கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் மூளையையும் காக்கிறது என்பது பலர் அறியாதது.

கசிவு வகைக்குக் குருதிக்குழாய்களின் பிறவிப் பின்னல்களும், ஹீமோபீலியா போன்ற உறையாமை நோய்களும் காரணம். பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி பெறாத, தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழவிக்கு முதல் சில மாதங்களுள் மூளையில் குருதி கசியும் இடருண்டு. தாய்ப்பாலின் சிறப்பு இதனால் குறைவதன்று. ஓர் ஊசி அவ்விடரை நீக்கிவிடும்.

சிறுவீழ்ச்சியும் சுண்ணப் படிவும்

நாம் தொடக்கத்தில் கண்ட பத்து மாதக் குழந்தைக்கு நேர்ந்தது என்ன? இந்தியக் குழந்தை மருத்துவர்கள் இவ்வகை நோயாளிகளை மிகுதியாகக் கண்டு விவரித்துள்ளனர். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட, முற்றிலும் நலமாயிருந்த குழந்தை சிறிய உயரத்திலிருந்து விழுகிறது. சில நிமிடங்களிலோ ஓரிரு நாள்களிலோ ஒரு பக்கம் தளர்கிறது. மூளையின் அடிப்பகுதிக் கருக்களுக்குச் செல்லும் நுண்தமனிகளின் சுவரில் மெல்லிய கோடுகளாகச் சுண்ணம் படிந்திருப்பது சி.டி. ஸ்கேனில் தெரிகிறது. இத்தகைய குழாய்கள் சிறு அதிர்ச்சியையும் தாங்குவதில்லை போலும். ஐதராபாத் மருத்துவர்கள் 2014-இல் இதனைத் தனிநோயாக விளக்கினர். இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் நன்கு தேறுகின்றனர். ஆயினும் மீண்டும் விழுந்தால் மீண்டும் தாக்கக்கூடும் ஆதலால், காரணத்தை அறிந்து காத்தல் இன்றியமையாதது. அவ்வாறிருக்க, அக்குழந்தையைச் சேலையிலிட்டு உருட்டுவது எத்துணைத் தீங்கு!

அறிகுறிகளை அறிதல்

வயதுக்கேற்ப அறிகுறிகள் மாறும். பிறந்த சில நாள்களே ஆன குழவியிடம் கைகால் தளர்ச்சி புலப்படாது. ஒரு கையோ காலோ தாளத்தோடு வெட்டிவெட்டி இழுப்பதும், பால் குடிக்காமையும், மூச்சு நின்று நின்று வருவதுமே குறிகள்.

பிறப்பையொட்டி நேர்ந்த சில பாதிப்புகள் நாலைந்து மாதம் கழித்தே வெளிப்படும். குழந்தை ஒரு கையை மட்டும் நீட்டும். மறுகையின் விரல்களை மடக்கியே வைத்திருக்கும். “எங்கள் பிள்ளை இடக்கைக்காரன்” என்று வீட்டார் மகிழ்வர். ஓராண்டு நிறையுமுன் எக்குழந்தையும் வலக்கை, இடக்கை என்று உறுதியாகத் தேர்வதில்லை. அவ்வாறு தேர்ந்தால், மறுகைக்கு என்ன நேர்ந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

வளர்ந்த சிறாரிடம் முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியன பெரியவர்களைப் போன்றே தோன்றும். இவற்றோடு, முன்பின் இல்லாத கடுந்தலைவலி, வாந்தி, வலிப்பு, நடையில் திடீர்த் தள்ளாட்டம் ஆகியவையும் குறிகளாம்.

நோயறியும் முறைகள்

ஒற்றைத் தலைவலி, வலிப்புக்குப் பின்வரும் தற்காலிகத் தளர்ச்சி, சர்க்கரை அளவு தாழ்தல், மூளைக்கட்டி ஆகியவையும் பக்கவாதம் போன்றே தோன்றலாம். எனவே மருத்துவர் முதலில் குருதிச் சர்க்கரையைச் சோதிப்பார். சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் கசிவு உண்டா என்பதைக் காட்டும். முன்சொன்ன சுண்ணக் கோடுகளும் அதில்தான் நன்கு தெரியும். ஆனால் அடைப்பின் முதல் மணிகளில் சி.டி. படம் இயல்பாகவே தோன்றக்கூடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அந்த ஐயத்தைத் தீர்க்கும். தமனிகளையும் சிரைகளையும் தனித்தனியே படமெடுக்கும் முறைகளும் அதில் உள்ளன. உச்சிக்குழி மூடாத குழவிக்கு அதன் வழியே ஒலியலைப் படம் எடுக்கலாம். எனினும் அது எல்லாவற்றையும் காட்டிவிடாது. தொடர்ந்து இதயத்திற்கு எக்கோ சோதனையும், சோகை, உறைதிறன், ஹோமோசிஸ்டின், அரிவாள் அணு, காசநோய் ஆகியவற்றிற்குரிய சோதனைகளும் தேவைக்கேற்ப நடைபெறும். பக்கவாதம் எனக் கண்டதோடு நில்லாமல், அது ஏன் வந்தது எனக் காண்பதே மறுமுறை வாராமல் காக்கும் வழி.

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 2009-இல் வெளியான ஆய்வொன்றில், குறி தோன்றியது முதல் நோய் உறுதிப்படும் வரை கழிந்த நேரத்தின் இடைநிலை அளவு ஏறத்தாழ 23 மணி. வசதி மிகுந்த நகரிலேயே இந்நிலை என்றால் தளியிலும் அஞ்செட்டியிலும் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எல்லைப்புறத்தார் செய்யத்தக்கன

கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கு நரம்பு நோய்களுக்கெனப் பெயர்பெற்ற நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளது. எங்கே செல்வது என்று வீட்டில் வாதிட்டு நேரத்தைப் போக்காமல், 108 ஊர்தியை அழைத்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனையை முதலில் அடைதல் வேண்டும். மாநில எல்லையைக் கடக்க நேர்ந்தால், முதலில் எடுத்த ஸ்கேன் படத்தையும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு செல்க. காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா எனப் புறப்படுமுன் மருத்துவமனையிலேயே கேட்டறிக.

குழந்தை கடைசியாக நலமாயிருந்த நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்க. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் இந்தியும் கலந்து ஒலிக்கும் இவ்வெல்லையில் தாய் சொல்வது மருத்துவருக்கு விளங்காமல் போகலாம். தாளில் உள்ள நேரம் எம்மொழியார்க்கும் விளங்கும். உணவோ நீரோ புகட்டலாகாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பெரியவர்க்குத் தரும் ஆஸ்பிரின் மாத்திரையை நாமாகத் தருதல் கூடவே கூடாது. கசிவாயின் அது தீமை பயக்கும்.

நோய்க்குப் பின்னும் நம்பிக்கைக்கு இடமுண்டு. வளரும் மூளை இழந்த பணியை வேறு வழியில் கற்கும் ஆற்றல் உடையது. இயன்முறைப் பயிற்சியை முன்னதாகத் தொடங்கி, தளர்ந்த கையை ஆட்டத்தினூடே பழக்கினால் பெரும் பயன் விளையும். மாவட்டங்களில் குழந்தைகளுக்கென அமைந்துள்ள தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இதற்கு உதவுவன.

மருத்துவர் எழுதவேண்டியதைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். நோயைக் குணப்படுத்துவது மருத்துவரின் பணி. நோயின் பெயரைத் தாயின் செவிக்குக் கொண்டு சேர்ப்பது மொழியின் பணி. இதனைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் இன்று வீடு சென்று தம் பாட்டியிடம் ஒரு செய்தியைக் கூறுவாராக: “குழந்தையின் ஒரு கை திடீரென ஓய்ந்தால், அது உரம் அன்று, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.” அச்சொல் காலத்தே சென்று சேர்ந்தால், ஒரு குழந்தையின் கை மீண்டும் கிலுகிலுப்பையைப் பற்றக்கூடும்.