ஜுராசிக்குக்கு எந்த பஸ்?

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஜுராசிக் காலத்துக்கு டிக்கெட் கேட்டால், கண்டக்டர் மாட்டுத்தாவணிப் பக்கம் கைகாட்டுவதுதான் நியாயம். தேனி, திண்டுக்கல் என்று இங்கிருந்து போகிற வழியெல்லாம் 50 கோடி வருஷத்துக்கும் முந்திய கெட்டிப் பாறை. மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை வேண்டுமா? சிவகங்கை பஸ்ஸைப் பிடியுங்கள்!

அங்கே களிப்பாறையைப் பிளந்தால் டைலோஃபில்லம் என்ற செடியின் இலைத்தடம் கிடைக்கும். சைகஸ் ஓலையின் சாயல். ஸ்ரீபெரும்புதூரிலும் அதே இலை. ஆந்திரக் கடலோரம், ராஜ்மகால் மலை, கட்ச், எங்கும் அதே. ஊருக்கு ஊர் பாறை அடுக்குகளைப் பொருத்திப் பார்ப்பதும் ஜாதகப் பொருத்தம் மாதிரிதான்: இலை சேர்ந்தது, வயசும் சேர்ந்தது, எல்லாமே ஜுராசிக் என்று முடித்துவிட்டார்கள். 1879-இல் சென்னைக் கடலோரத்து இலைகளை விவரித்தவர் ஓட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல். ஜுராசிக் முத்திரை வெகுகாலம் அழியவில்லை.

இனிதான் திரைக்குப் பின்னால் ரகளை! டைலோஃபில்லம் அவசரப்படாத செடி. கோடி வருஷக் கணக்கில் அப்படியே இருந்திருக்கிறது. அதை வைத்து நாள் குறிக்க முடியுமா? ஆந்திரக் கடலோரத்தில் இதே இலைகளோடு அம்மோனைட் சிக்கியது. கடலில் வாழ்ந்த, சுருள் ஓடு கொண்ட பிராணி. அதன் இனங்கள் சட்டுச்சட்டென்று மாறியவை. அது காட்டியது அடுத்த யுகமான கிரெடேஷியஸை. ராஜ்மகாலில் இலைகளுக்கு மேலும் கீழும் இருந்த எரிமலைப் பாறையின் வயசோ சுமார் 11.8 கோடி. ஜுராசிக் முடிந்ததே 14.5 கோடி வருஷத்துக்கு முன்னால்! முத்திரை கழன்றது, சிவகங்கைக்கும் சேர்த்து.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆய்வகக் கூத்து. பாறையை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் போடுவார்கள். அது கண்ணாடியையே தின்னும் என்பதால் பிளாஸ்டிக் பாத்திரம்தான். கல் கரைந்துபோகும், மகரந்தத் தூள் மட்டும் கரையாமல் மிஞ்சும்! அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து வயசு சொல்லிவிடுவார்கள். ஆழ்துளைக் கிணறு என்றால் காமாக் கதிர் மானியை இறக்குவார்கள். களி வந்தால் கோடு எகிறும், மணல் வந்தால் அடங்கும். பக்கத்துப் பக்கத்துக் கிணற்றுக் கோடுகளை மேலும் கீழும் நகர்த்தி ஒட்டவைத்தால் அடுக்குகள் கைகோக்கும்.

அசல் ஜுராசிக்கைத் தொட்டுப் பார்க்க ஆசையா? கட்ச் போகலாம், தோசா ஊலைட் என்ற மெல்லிய அடுக்கு, அம்மோனைட் நிறைந்தது, மலைக்கு மலை அடையாளம் சொல்லும். இல்லையென்றால் பூஜையறைச் சாளக்கிராமத்தை எட்டிப் பாருங்கள். கண்டகி ஆற்றில் உருண்டு வந்த அம்மோனைட் அது, பெரும்பாலும் ஜுராசிக் பிற்பகுதி. இமயத்துப் பாறையையும் கட்ச் பாறையையும் ஒரே காலவரிசையில் வைத்ததே இந்த அம்மோனைட் கூட்டம்தான்.