தீப்பெட்டி சொல்லும் ரகசியம்! காரின் பின் ஆர்மைப் பலப்படுத்தும் சிக்கன வழி

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கிறது ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அவதரித்த ஊர். நவதிருப்பதிகளையும் ஒரே நாளில் சேவித்துவிட வேண்டும் என்று வருகிறவர்களின் கார்கள், தாமிரபரணியின் இரு கரையிலும் உள்ள சிற்றூர்ச் சாலைகளில் ஏறி இறங்குகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையில் இந்த வட்டாரத்துச் சாலைகள் பல இடங்களில் அறுந்து போனது நினைவிருக்கும். பள்ளத்தில் பின் சக்கரம் விழுந்ததும் வண்டிக்கு அடியில் "டங்" என்று ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன?

அம்பாசடர் காரில் பின் அச்சைத் தாங்குவதும் வில்பட்டைதான். இடம் பெயராமல் பிடித்துக்கொள்வதும் அதுவேதான். காயில் ஸ்பிரிங் வைத்த வண்டியில் அப்படி அல்ல. ஸ்பிரிங் சுமையை மட்டும் தாங்கும். அச்சைப் பிடித்துக்கொள்ளத் தனியாகக் கைகள் வேண்டும். அவைதான் கன்ட்ரோல் ஆர்ம்கள். 1984 முதல் 2002 வரை ஓடி வந்த கான்டெஸ்ஸா இந்த ஜாதி. ஓடும்போது ஓர் ஆர்ம் ஒடிந்தால் அச்சு கோணிக்கொள்ளும்; ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் என்ன செய்ய முடியும்?

மூடினால் பலம்

செலவைக் குறைக்க, பல கம்பெனிகள் ஆர்மைத் தகட்டில் அழுத்தி, ஒரு பக்கம் திறந்த தகரக் கால்வாய் போலச் செய்தன. 1964-ல் வந்த அமெரிக்க செவர்லே செவெல் காரிலும் இப்படித்தான். அந்நாட்டு வண்டிப் பிரியர்கள் கண்ட வழி வெகு சுலபம். திறந்த வாயின் மேல் சுமார் 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றை வைத்து வெல்டிங் செய்துவிடுவார்கள்.

இதனால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து முறுக்கிப் பாருங்கள், துவளும். மேல்கூட்டுக்குள் சொருகி முறுக்குங்கள், அசையாது! 40 மில்லிமீட்டர் சதுரம், 3 மில்லிமீட்டர் தகடு என்று வைத்துக் கணக்குப் போட்டால், மூடிய ஆர்ம் திறந்ததைவிட நூறு மடங்குக்கு மேல் முறுக்கைத் தாங்கி நிற்கும். ஆனால் பளு ஏற்றினால் வளைவதைத் தடுப்பதில் லாபம் அவ்வளவு இல்லை. கூடுதலாக நாலு பேரை ஏற்றலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பட்டறையில் கவனிக்க

முதலில் ரப்பர் புஷ்ஷைக் கழற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் சூட்டில் கருகிவிடும். இரு முனைத் துளைகளையும் போல்ட் போட்டு ஒரு சட்டத்தில் இறுக்கிக்கொண்டு வெல்டிங் செய்வது முக்கியம். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு கோணும், துளைகளின் இடைவெளி மாறும், அச்சு நேராக உட்காராது. அங்கொரு அங்குலம், இங்கொரு அங்குலமாக மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை விட மறக்கக் கூடாது. மூடிய பெட்டிக்குள் நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். திருச்செந்தூர்க் கடற்காற்று படும் வண்டிக்கு இது இரட்டிப்பு ஆபத்து. துளை உருண்டை மாறி நீண்டிருந்தாலோ, கீறல் விட்டிருந்தாலோ தகடு ஒட்டுவது வீண் வேலை. வேறு ஆர்ம்தான் தேட வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. கைவைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது, ஆர்ம் கொஞ்சம் முறுக்கிக் கொடுத்துத்தான் அச்சு சாய்கிறது. மூடிய ஆர்ம் கொடுக்காது. ஆகவே ரப்பர் புஷ்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். ஆர்மையும் மூடி, கெட்டியான பிளாஸ்டிக் புஷ்ஷையும் போட்டால் முறுக்கெல்லாம் பாடியில் ஆர்ம் மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்குப் போய்விடும். சர்வீசுக்கு விடும்போதெல்லாம், பிராக்கெட் பாடியோடு சேரும் இடத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.