முடிச்சுக்குள் இறங்கும் மருந்து

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினால் வேரில் கடுகளவு உருண்டைகள், அதாவது வேர்முடிச்சுகள், தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தம். நம் இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம் அது. உருண்டைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. செடியோ இலையில் சமைத்த சர்க்கரையைக் கீழே அனுப்புகிறது.

அந்தச் சர்க்கரை இறங்கும் வழியிலேயே கிளைபோசேட்டும் இறங்கும். 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் கடைக்கு வந்த களைக்கொல்லி இது. இலையில் அடித்தால் வேர்நுனி வரை போய், மூன்று அமினோ அமிலங்களைச் செய்யத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. விலங்குகளுக்கு அந்த நொதி கிடையாது. பாக்டீரியாக்களுக்கு உண்டு.

அமெரிக்காவில் 1996இல் இந்த மருந்துக்குச் சாகாத சோயா விதை விற்பனைக்கு வந்தது. அந்தத் தாங்கும் சக்தியே ஒரு பாக்டீரியா தந்ததுதான். லூசியானா மாநிலத்தின் லூலிங் ஊரில், கிளைபோசேட் ஆலைக் கழிவில் பிழைத்துக் கிடந்த ஒன்றின் மரபணுவை எடுத்துச் சோயாவில் வைத்தார்கள். ஆனால் சோயா வேர்முடிச்சில் குடியிருக்கும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. களை செத்துவிடுகிறது, சோயா பிழைத்து நிற்கிறது, சர்க்கரையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, கூடவே மருந்தையும். எனக்கு மனம் உறுத்துவது இந்த இடம்தான்.

ஆய்வகத்தில் மருந்து பட்ட பிராடிரைசோபியம் வளர்ச்சி குன்றுகிறது. இரகத்துக்கு இரகம் பாதிப்பு மாறும். இளஞ்செடியில் அடித்தால் தழைச்சத்து சேர்வது தாமதமாகிறது, பிறகு பெரும்பாலும் மீள்கிறது. மழை சரியாகப் பெய்த வளமான நிலத்தில் மகசூல் குறையாமலே போகலாம். மண் காய்ந்தால் கதை வேறு. வறட்சியில் முதலில் தளர்பவற்றில் முடிச்சின் வேலையும் ஒன்று. அதன்மேல் மருந்தும் சேர்ந்தால் அடி இரட்டிப்பாகிறது. மானாவாரிக்காரர் இதைக் கவனிக்க வேண்டும்.

கிளைபோசேட் கடலையையே கொன்றுவிடும் என்பதால் அதற்கு இமாசெத்தபைர் போன்ற வேறு களைக்கொல்லிகளை அடிக்கிறோம். அது முடக்குவது வேறொரு நொதி. அதுவும் பாக்டீரியாக்களிடம் உண்டு. முடிச்சு பாக்டீரியாவான ரைசோபியம் அடங்கிய பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தவர்கள், மருந்தடித்துச் சில வாரம் கழித்து அடித்த பாத்தியில் ஒரு செடியும் அடிக்காத பாத்தியில் ஒரு செடியும் பிடுங்கி, இரண்டின் முடிச்சுகளையும் கீறி நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.